பிளாக்கில் விரிசல்: வெல்டிங்கா, தையலா, பழைய பிளாக்கா?

"அண்ணே, இன்ஜின் ஹவுசிங் கிராக் விட்டிருச்சு, என்ன செய்யலாம்?" என்று யாராவது போன் செய்தால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எந்த ஹவுசிங் என்றுதான். நம் பக்கத்தில் பிளாக்கையும் ஹவுசிங் என்கிறோம், பிளைவீலை மூடியிருக்கும் கூட்டையும் ஹவுசிங் என்கிறோம், முன்பக்க டைமிங் கவரையும் சிலர் அப்படியே சொல்கிறார்கள். பின்னால் சொன்ன இரண்டும் கழற்றி மாட்டுகிற சாமான், உடைந்தால் ஒரு செலவு, அவ்வளவுதான். பிளாக் அப்படியில்லை, சிலிண்டர்கள் எல்லாம் அடங்கிய வார்ப்பிரும்பு உடம்பு அது. வண்டியின் உயிரும் அதில்தான் இருக்கிறது, ஆர்சி புத்தகத்தில் ஏறியிருக்கும் நம்பரும் அதில்தான் குத்தியிருக்கிறது.

என் கதை பிளாக் கதை. பழைய டாடா, 697 இன்ஜின். 6 சிலிண்டர், போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 97 மில்லிமீட்டர், அந்தக் கணக்கில் வந்த பேர்தான் 697. மதுரையிலிருந்து தேனிப் பக்கம் சிமென்ட் ஏற்றிப் போய், திரும்பும்போது சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றி வருவது அதன் வேலை. போன வருஷம் சித்திரை வெயிலில், உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது கீழ் ஹோஸ் பிய்த்துக்கொண்டது. டெம்பரேச்சர் மீட்டர் வேலை செய்து வருஷம் இரண்டாகிறது, அதனால் ஆவி கிளம்பிக் கண்ணாடியை மறைத்த பிறகுதான் டிரைவருக்குத் தெரிந்திருக்கிறது. ஓரம் கட்டி, ஹோஸை வெட்டி மாட்டி, டீக்கடையில் ஒரு குடம் தண்ணீர் வாங்கி அப்படியே ஊற்றிவிட்டான். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே என்று நானும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை, மீட்டரையும் மாற்றித் தரவில்லை, ஆகவே அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் பிளாக்கின் பக்கவாட்டில், பம்புக்குக் கீழே, வியர்த்த மாதிரி ஒரு ஈரம்.

வார்ப்பிரும்பு ஏன் இப்படிச் செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் எந்த வைத்தியம் பிடிக்கும், எது பிடிக்காது என்பது புரியும். சாதாரண இரும்புத் தகட்டை அடித்தால் நசுங்கும், வளையும். வார்ப்பிரும்பு வளையாது, பிளக்கும். அதில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குக் கரி கலந்திருக்கிறது, அந்தக் கரி மெல்லிய செதில் செதிலாக இரும்புக்குள்ளே கிடக்கிறது. ஒவ்வொரு செதிலும் ஏற்கெனவே போட்டு வைத்த ஒரு கீறல் மாதிரி. ஒரு மீட்டர் நீள வார்ப்பு 60 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். மொத்தமாக நீண்டு மொத்தமாகச் சுருங்கினால் ஒன்றும் ஆகாது. ஒரு பக்கம் கொதித்துக்கொண்டிருக்க இன்னொரு பக்கம் பச்சைத் தண்ணீர் பட்டுச் சுருங்கினால், நடுவில் எங்கோ பிளக்கத்தான் செய்யும். வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாம் குளிரில் தண்ணீர் உறைந்து பிளாக் வெடித்த கதையாகவே சொல்வார்கள். உறையும் தண்ணீர் நூற்றுக்கு ஒன்பது பங்கு உப்பும், உண்மைதான், ஆனால் மதுரைக்காரனுக்கு அந்தக் கவலை இல்லை. நமக்கு எதிரி போர்வெல் தண்ணீரில் இருக்கும் உப்பும், அது உள்ளே கட்டுகிற சுண்ணாம்புக் காரையும், ஏற்றத்தில் நிற்காமல் இழுப்பதும்தான்.

சரி, விரிசல் எவ்வளவு நீளம்? கண்ணுக்குத் தெரிவதை நம்பாதீர்கள். என் பிளாக்கில் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்பது சென்டிமீட்டர். கப்பலூர் பக்கம் ஒரு வயசான லேத்துக்காரர் இருக்கிறார், அவர் அந்த இடத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் விட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்தார். அப்புறம் சுண்ணாம்பைக் குழைத்து மெல்லிசாகப் பூசிவிட்டு, "டீ குடிச்சிட்டு வாங்க தம்பி" என்றார். திரும்பி வந்து பார்த்தபோது காய்ந்த வெள்ளையில் ஒரு கோடு, பென்சிலில் இழுத்த மாதிரி, முன்பக்கமாக ஓடி ஒரு போல்ட் துளைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றிருந்தது. பதினான்கு சென்டிமீட்டர். விரிசலுக்குள் ஊறிய மண்ணெண்ணெய் சுண்ணாம்பில் கசிந்து தன்னைத்தானே காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான் விஷயம். இதற்கென்றே சிவப்புச் சாயமும் வெள்ளை ஸ்பிரேயும் டப்பாவில் கிடைக்கின்றன, அவை இன்னும் துல்லியம். ஆனால் இந்தச் சோதனையைச் செய்யாமல் யாராவது வெல்டிங் ராடைக் கையில் எடுத்தால் வண்டியை அங்கிருந்து இழுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், ஏனென்றால் முனை தெரியாமல் அடைத்த விரிசல் அடைப்புக்கு வெளியே போய்க்கொண்டே இருக்கும். எந்த முறையில் அடைத்தாலும் இரண்டு முனையிலும் சின்னதாக ஒரு துளை போட்டு அதன் ஓட்டத்தை நிறுத்துவது முதல் வேலை.

நீளத்தை விட முக்கியம் இடம். வெளிச்சுவரில், தண்ணீர் ஓடுகிற பக்கத்தில் என்றால் பிழைக்கும். சிலிண்டருக்கு உள்ளே என்றால் போர் பெரிது பண்ணி ஸ்லீவ், அதாவது உள்ளே ஒரு புதுக் குழாய், இறக்க வாய்ப்பு இருக்கிறது. ஹெட் உட்காரும் மேல்தளத்தில் இரண்டு போருக்கு நடுவே என்றால் மிக நல்ல கைக்காரர் வேண்டும், சிலிண்டருக்குள் டீசல் எரிகிற அழுத்தம் நேராக அங்கே விழுகிறது. கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டு, உட்காரும் மெயின் பேரிங் இருக்கையில் விரிசல் என்றால் பேச்சே வேண்டாம், இரும்பு விலைக்குப் போடுங்கள். கனெக்டிங் ராடு முறிந்து பக்கவாட்டில் ஓட்டை போட்ட பிளாக்கையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். ஓட்டையை மூடிவிடலாம், ஆனால் அந்த அடி வேறெங்கே எதைப் பிளந்தது என்று யார் உத்தரவாதம் தருவது?

இனி ஒவ்வொன்றாக.

பசை. எம்-சீல், ஸ்டீல் பட்டி, அந்த வகையெல்லாம். டீசல் டேங்க் கசிந்தால் பார் சோப்பைத் தேய்த்து வீடு வந்து சேர்கிற ஜாதி நாம், அதனால் இதைக் கேவலமாகப் பேச மாட்டேன். வெளிச்சுவரில் மெல்லிய கசிவு என்றால், எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் கழுவி, சொரசொரப்பாகத் தேய்த்து, சூடு தாங்குகிற நல்ல ஸ்டீல் பட்டியைப் பூசி ஒரு நாள் இறுக விட்டால், லோடு இறக்கி ஊர் திரும்பும் வரை தாங்கும், சில சமயம் மாசக் கணக்கிலும் தாங்கும். ஆனால் பசைக்கும் இரும்புக்கும் சூட்டில் நீளும் அளவு வேறு வேறு, தினம் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, ஓரத்தில் விட்டுக்கொடுக்கும். அது ஒருநாள் விடும், அந்த ஒருநாள் கணவாயில்தான் விடும். ரேடியேட்டரில் மஞ்சள் தூளோ கசிவு அடைக்கும் பொடியோ போடுவதை மட்டும் செய்யாதீர்கள். அது விரிசலை அடைப்பதற்கு முன்னால் ரேடியேட்டர் குழாயை அடைக்கும், சூடு இன்னும் ஏறும், விரிசல் இன்னும் நீளும்.

வெல்டிங்கைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் ஏமாறுவது இங்கேதான். எந்தப் பட்டறையிலும் ஒரு மிஷின் இருக்கும், கேட் அடிக்கிற சாதாரண ராடும் இருக்கும், "வச்சு இழுத்துரலாம்ண்ணே" என்பார்கள். இழுக்கவும் இழுப்பார்கள், பார்க்க அழகாகவும் இருக்கும். உருகிய ராடு வார்ப்பிரும்பின் கரியைக் குடித்து, சட்டென்று ஆறி, கண்ணாடி மாதிரி கெட்டியாகிவிடும். அந்த இடத்தில் டிரில் பிட் வைத்துப் பாருங்கள், ஏறாது, வழுக்கும். ஆறும்போதே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு வெல்டர் உங்கள் முகத்தைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்ப்பார். வெல்டுக்குப் பக்கத்திலேயே புது விரிசல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு இது பழைய வண்டி ஒன்றில் நடந்திருக்கிறது, எட்டு சென்டிமீட்டர் விரிசலைக் கொடுத்து இருபது சென்டிமீட்டராக வாங்கி வந்தேன்.

சரியாகச் செய்வதென்றால் நிக்கல் ராடு வேண்டும். முழு நிக்கல் ராடு மெத்தென்று இருக்கும், பிறகு கடைசல் பிடிக்கலாம். பாதிக்குக் கொஞ்சம் மேல் நிக்கலும் மீதி இரும்புமாக இருப்பது இன்னும் பலம், கனமான பகுதிக்கு அதுதான். சாதாரண ராடைக் கிலோ கணக்கில் வாங்குவோம், நிக்கல் ராடை எண்ணித்தான் வாங்குவோம், விலை அப்படி. விரிசலை வி வடிவில் தோண்டி, உள்ளே ஊறிய எண்ணெயைக் கேஸ் காட்டி எரித்து, ஒரு இன்ச் மட்டும் இழுத்து நிறுத்தி, சூடு இருக்கும்போதே உருண்டைத் தலைச் சுத்தியலால் பொட்டுப் பொட்டென்று தட்டி, கை வைக்கிற அளவுக்கு ஆறிய பிறகு வேறு ஒரு இடத்தில் அடுத்த இன்ச். பதினான்கு சென்டிமீட்டருக்கு அரை நாளுக்கு மேல் போகும். ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவர் இந்த வேலையைச் செய்யப் போவதில்லை. நல்ல கையாக இருந்தால் தண்ணீர்ச் சுவருக்கு இது போதும், ஆனால் கசியாது என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது.

இன்னொரு வழி, பிளாக்கை மொத்தமாக அவிழ்த்து, அடுப்பில் வைத்து 600 டிகிரி வரை காய்ச்சி, செக்கச்செவேல் என்று இருக்கும்போதே வெல்டு செய்து, சாம்பலிலோ மணலிலோ புதைத்து இரண்டு நாள் ஆறவிடுவது. வெல்டிங் என்ற வகையில் இதற்கு மேல் தரம் கிடையாது. ஆனால் வெளியே எடுக்கும்போது போர் வட்டமாக இருக்காது, மேல்தளம் நேராக இருக்காது, மெயின் பேரிங் வரிசை ஒரே கோட்டில் இருக்காது. எல்லாவற்றையும் மறுபடி கடைசல் பிடிக்க வேண்டும். கிடைக்கவே கிடைக்காத ஏதோ பழங்காலத்து இன்ஜின் என்றால் செய்யலாம், 697க்கு இது வேண்டாத வேலை.

கேஸ் வைத்துப் பித்தளை ஒட்டுவதும் உண்டு. இரும்பு உருகாது, பித்தளை மட்டும் 900 டிகிரி வாக்கில் உருகிப் பிடிக்கும், அதனால் கெட்டிப்படும் தொல்லை குறைவு. உடைந்த பிராக்கெட், பம்பு பாடி, மேனிபோல்டு காது இதற்கெல்லாம் எனக்குப் பிடித்த முறை. பிளாக்கில் ஒரே இடத்தில் அவ்வளவு சூடு காட்ட எனக்குத் தைரியம் இல்லை. ஒரு தடவை பித்தளை ஏறிய இடத்தில் அப்புறம் நிக்கல் பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள், அது திரும்பி வர முடியாத பாதை.

தையல். ஸ்டிச்சிங் என்கிறார்கள். சூடே கிடையாது, அதுதான் இதன் முழு ரகசியம். விரிசல் மேலேயே ஒரு துளை போட்டு, டேப் அடித்து மரை எடுத்து, சீலன்ட் தடவி ஒரு பின்னைத் திருகி இறக்கி, தலையை வெட்டிவிடுவார்கள். அடுத்த துளை பக்கத்தில் இல்லை, முதல் பின்னை மூன்றில் ஒரு பங்கு கடித்துக்கொண்டு விழும். அப்படியே ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு சங்கிலி மாதிரி கடைசி வரை போகும். 6 மில்லிமீட்டர் பின் என்றால் நாலு நாலு மில்லிமீட்டருக்கு ஒன்று. என் பதினான்கு சென்டிமீட்டருக்கு முப்பத்தைந்து பின் ஆனது. பலம் வேண்டிய இடத்தில் விரிசலுக்குக் குறுக்கே பூட்டு மாதிரி ஒரு துண்டையும் இறக்குவார்கள். கடைசியில் தட்டிச் சமன் செய்து கிரைண்டர் ஓட்டிப் பெயின்ட் அடித்தால் எங்கே தைத்தது என்று தேட வேண்டியிருக்கும்.

இதில் ஒரு நுணுக்கம். சாதாரண மரை போட்ட பின்னை இறுக்க இறுக்க அது இரண்டு பக்கத்தையும் தள்ளி விரிக்கப் பார்க்கும், ஆப்பு மாதிரி. ஸ்டிச்சிங்குக்கென்றே வருகிற பின்னில் மரை கொக்கி மாதிரி சாய்வாக இருக்கும், இறுக்கினால் இரண்டு பக்கத்தையும் உள்ளே இழுக்கும். நம்மூர்ப் பழைய லேத்துக்காரர்கள் சாதாரண ஸ்டட்டை, அதாவது மரை போட்ட கம்பியை, வைத்தே காலங்காலமாக அடைத்து வருகிறார்கள், தண்ணீர்ச் சுவருக்கு அது ஓடுகிறது. மேல்தளம் மாதிரி அழுத்தம் விழுகிற இடத்துக்கு அந்தக் கொக்கி மரைப் பின் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுவர் ரொம்ப மெல்லிசாக, துரு தின்று போயிருந்தால் மரை பிடிக்காது, அப்போது தையலும் உதவாது. செலவு நிக்கல் வெல்டிங்கை விடக் கூடத்தான், எனக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள், நாளும் இரண்டு ஆனது.

பழைய பிளாக். டாடா 1954இல் பென்ஸோடு சேர்ந்து லாரி கட்ட ஆரம்பித்ததிலிருந்து நம் ரோட்டில் ஓடாத நாள் இல்லை, ஆகவே 697க்குப் பழைய பிளாக் கிடைப்பது கஷ்டமில்லை. பழைய வண்டிச் சாமான் விற்கும் சென்னை புதுப்பேட்டை வரைக்கும்கூடப் போக வேண்டியதில்லை, நாலு பேரிடம் சொல்லி வைத்தால் ஒரு வாரத்தில் தகவல் வரும். விலையும் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த விலையோடு கணக்கு முடிவதில்லை. உங்கள் கிராங்க், உங்கள் பிஸ்டன், அதன் போர் எல்லாம் ஒன்றுக்கொன்று அளவு ஒத்துவர வேண்டும். பெரும்பாலும் வராது, போர் எடுத்து, ஸ்லீவோ புது பிஸ்டனோ போட்டு, பேரிங் மாற்றி, கேஸ்கட் செட் வாங்கி, கடைசியில் முழு இன்ஜின் வேலையாகப் போய் நிற்கும். அந்த பிளாக் ஏன் அந்த வண்டியிலிருந்து இறங்கியது என்ற கேள்விக்கு விற்கிறவர் சொல்வது எப்போதும் ஒரே பதில்தான்: "பாடி போயிருச்சு, இன்ஜின் கண்டிஷன்." காசு கொடுக்கும் முன் தண்ணீர் வழிகளைத் தகடும் ரப்பரும் வைத்து அடைத்து முப்பது பவுண்டு காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். குமிழி வந்தால் ஒரு விரிசலைக் கொடுத்து இன்னொரு விரிசலை வாங்கப் போகிறீர்கள்.

அப்புறம் நம்பர். இன்ஜின் நம்பர் பிளாக்கில்தான் இருக்கிறது, பிளாக் மாறினால் நம்பர் மாறும். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி இன்ஜின் மாற்ற ஆர்டிஓ அனுமதி வேண்டும், அனுமதியில்லாமல் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்சியில் ஏற்ற வேண்டும். நம்மாட்கள் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை, எஃப்சிக்கு (வண்டித் தகுதிச் சான்றுக்கு) போகும்போதோ இன்சூரன்ஸ் கேட்டுப் போகும்போதோ திருதிருவென்று முழிப்பார்கள். பழைய நம்பரைப் புது பிளாக்கில் குத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கே நிற்காதீர்கள், அது கிரிமினல் கேஸ். பில் இல்லாத பிளாக் திருட்டு வண்டியிலிருந்து வந்திருந்தாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

புது பிளாக்கைப் பற்றி ஒரே வரி: வண்டி விற்றால் என்ன விலை போகும் என்று முதலில் விசாரித்துவிட்டு அப்புறம் புது பிளாக்கின் விலையைக் கேளுங்கள்.

பிளைவீல் ஹவுசிங் கதைக்கு வருகிறேன், அது சுருக்கமானது. அது பெரும்பாலும் தானாக உடைவதில்லை. இன்ஜினைத் தாங்கும் பின்பக்க மவுண்ட் ரப்பர் செத்துப் போயிருக்கும், அல்லது ஹவுசிங் போல்ட்டில் இரண்டு காணாமல் போயிருக்கும், மீதி போல்ட் மேல் கியர்பாக்ஸ் பாரம் முழுக்கத் தொங்கி ஒரு காது பிளந்திருக்கும். இதற்கு வெல்டிங் தாராளமாகப் போதும், வார்ப்பிரும்பு என்றால் நிக்கல், அலுமினியம் என்றால் ஆர்கான் வாயு வெல்டிங். ஆனால் வெல்டு செய்ததும் கோணிவிடும். மாட்டிவிட்டு, கிராங்க் முனையில் டயல் கேஜ் (நுண்ணிய விலகலை முள்ளில் காட்டும் அளவுகோல்) கட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, ஹவுசிங் வாய் வட்டமாக நடுவில் நிற்கிறதா என்று பார்க்காமல் கியர்பாக்ஸை ஏற்றாதீர்கள். அதைப் பார்க்காமல் ஏற்றிய வண்டிகள் மூன்று மாசத்துக்கு ஒரு கிளட்ச் தின்பதைப் பார்த்திருக்கிறேன், ஓனர் கிளட்ச் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பார். பழைய ஹவுசிங் நல்லதாகக் கிடைத்தால் வெல்டிங்கை விட அதையே வாங்கலாம், இதில் நம்பர் தொல்லையும் கிடையாது.

என் பிளாக்குக்குத் தையல்தான் போட்டேன். காரணம் இரண்டு. விரிசல் வெளிச்சுவரில் இருந்தது, போல்ட் துளையைத் தொடவில்லை. உள்ளே இருந்த கிராங்கும் போரும் நன்றாக இருந்தன, நான்கு வருஷத்துக்கு முன்தான் வேலை செய்தது, அதை வெளியே எடுத்து முன்பின் தெரியாத பிளாக்கில் போட எனக்கு மனசு வரவில்லை. இன்ஜினை இறக்கக்கூட இல்லை, பம்பை மட்டும் கழற்றி இடம் செய்துகொண்டு வண்டியிலேயே தைத்தார். அதே விரிசல் மேல்தளத்தில் இருந்திருந்தால் சோதித்து வாங்கிய பழைய பிளாக்குக்குத்தான் போயிருப்பேன், ஆர்டிஓ அலைச்சலோடு சேர்த்து. வண்டியை இன்னும் ஆறு மாசத்தில் கழிக்கப் போகிறவர் என்றால் நிக்கல் வெல்டிங் போதும். வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டு விற்கவும்.

தைத்து முடித்ததும் முப்பது பவுண்டு காற்று ஏற்றிச் சோதித்தோம். ஒரு பின்னில் மட்டும் சின்னதாகக் குமிழி வந்தது, அதைத் துளைத்து எடுத்துக் கொஞ்சம் பெரிய பின் போட்டார், நின்றுவிட்டது. கையோடு டெம்பரேச்சர் மீட்டர், மேல் கீழ் ஹோஸ் இரண்டும், ரேடியேட்டர் மூடி மாற்றினேன். முன்னால் ஒரு மெக்கானிக் கழற்றி எறிந்திருந்த தெர்மோஸ்டாட்டையும் வாங்கிப் போட்டேன், அது இல்லாவிட்டால் இன்ஜின் ஒரே சூட்டில் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். போர்வெல் தண்ணீரை நிறுத்திக் கூலன்ட் ஊற்றுகிறோம். ஒரு வருஷம் ஆகிறது. தைத்த இடத்தில் கிளீனர் பையன் லேசாகச் சுண்ணாம்பு பூசி வைத்திருக்கிறான், கணவாய் ஏறி இறங்கியதும் டார்ச் அடித்துப் பார்ப்பான், இதுவரை வெள்ளையாகவே இருக்கிறது. கறுத்தால் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன், தண்ணீர் ஊற்றும் முன்.